ரசமட்டம் வைத்துக் கட்டிய விளக்குச்சரம்

ஜூலை 13

என் பெயர் சு. மகரபூஷணம். வயது ஐம்பது. தருவைப்பட்டினம் விமான நிலையத்தில் வழிகாட்டுக் கருவிகளுக்குப் பொறுப்பான பொறியாளர். இக்குறிப்பை எழுதுவதன் நோக்கம் ஒன்றே: இம்மாதம் இருபத்து மூன்றாம் தேதி சோதனை விமானம் வந்து எங்கள் விஓஆர் நிலையத்தை அளந்து பார்க்கவிருக்கிறது, அதுவரை நிகழ்பவற்றை, அலுவலகக் கோப்பில் இடம்பெறத் தகாதவை உட்பட, ஒழுங்காகப் பதிந்து வைப்பது.

விஓஆர் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுவது முறை. கடலோரத் தரிசின் நடுவே ஓர் இரும்பு மேடை. அதன்மேல் வட்டமாக, வெள்ளைக் கவசமிட்ட ஏரியல்கள். அவை எல்லாத் திசைகளிலும் வானொலி அலையைப் பரப்பி, பறந்துவரும் விமானத்துக்கு 'நீ என்னிலிருந்து இன்ன திசையில் இருக்கிறாய்' என்று சொல்லும். விமானியின் முன்னுள்ள முள் அதைக் காட்டும். செயற்கைக்கோள்கள் வருமுன் விமானங்கள் இந்த முள்ளை நம்பியே ஊர் வந்து சேர்ந்தன. இப்போது செயற்கைக்கோளைக் கேட்டு வருகின்றன. என் நிலையம் மாற்று ஏற்பாடாக நிற்கிறது. ஊரார் இதை இட்லிச்சட்டி என்கிறார்கள். வட்ட மேடையையும் வெள்ளை மூடிகளையும் கருதினால், முற்றிலும் தவறென்று கூற இயலாது.

சோதனையில் தேறினால் நிலையம் தொடரும். தவறினால் நிரந்தரமாக அணைக்கப்படும். எங்கள் இயக்குநர் கமலக்கண்ணன் இரண்டாவதையே விரும்புகிறார்.

"வானத்துல இத்தனை செயற்கைக்கோள் சுத்துது. இது எதுக்கு சார்?" என்றார் இன்று.

"நாலு டயரும் நல்லாத்தான் இருக்கு. ஸ்டெப்னி எதுக்கு சார் வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"என் ஸ்டெப்னி கரண்டு குடிக்காது."

இதற்குத் தக்க விடை மாலையில்தான் தோன்றியது. எனவே பயனில்லை.

நிலையம் அணைந்தால் என்னை வடக்கே ஏதோ ஓர் அலுவலகத்துக்கு மாற்றுவார்கள். மாற்றல் பணியின் இயல்பு. எனக்கு வருத்தம் ஏதுமில்லை. என் மனைவி பூரணவல்லி இங்குள்ள கிறிஸ்தவப் பங்குப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவளுக்கும் இராது என்றே கருதுகிறேன். இன்று அவள் கொல்லையில் புதிதாக நட்ட முருங்கைக்கு முள்வேலி கட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 14

அவசர மின்கலங்களுக்கு வடிநீர் ஊற்றினேன். மதியம் வெந்தயக் குழம்பு. உப்பு சற்றுக் கூடுதல், சொல்லவில்லை.

ஜூலை 15

தரிசின் தென்புறம், குதிரையேறிய புனிதர் சந்தியாகப்பரின் கோயில். இக்கடற்கரையில் தேவாலயத்தையும் கோயில் என்றே சொல்கிறார்கள். நாளை கொடியேற்றம், அதிலிருந்து பத்து நாள் திருவிழா. இவ்வாண்டு விளக்கு அலங்காரத்தைப் பூரணம் தன் நேர்ச்சையாக ஏற்றுக்கொண்டிருக்கிறாள். கோயில் கோபுரத்தின் நடுமாடத்தில் தொடங்கி, தரிசின் ஓரமாக எங்கள் குவார்ட்டர்ஸ் தண்ணீர்த்தொட்டி வரை, இரும்புக் கம்பியில் சீரியல் லைட் தொங்கும். என்ன நேர்ச்சை என்று கேட்டேன்.

"சொன்னா பலிக்காதுங்க."

இக்கூற்றுக்கு ஆதாரம் கேட்டேன். சோற்றுப்பானையை இறக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள்.

கம்பியைக் கட்டிய விதம் எனக்கு உகக்கவில்லை. நடுவில் ஒரு பெருந்தொய்வு. கோபுரத்தருகே ஓர் ஏற்றம். விளக்குச்சரம் ஆனாலும் ஓர் ஒழுங்கு வேண்டும். விடுப்பு எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். இரு முனைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, இடையில் மூங்கில் முட்டுகள் நாட்டி, ஒவ்வொரு முட்டிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, திருகி இறுக்கும் முறுக்கி ஒன்றால் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். விதிப்படி மின்கசிவுப் பாதுகாப்பையும் பூமி இணைப்பையும் பரிசோதித்தேன். ஒரு குறையும் இல்லை.

விழாக்கமிட்டித் தலைவர் திரு. பெர்க்மான்ஸ் கொரேரா, நான்கு விசைப்படகுகளின் உரிமையாளர், கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இன்ஜினியர் சார், என்ன ரோடா போடுதிய?"

"தொய்வு இருக்கக் கூடாது பாருங்கள்."

"வெளக்கு எரியணும், அவ்ளோதான சார். நெட்டநேரா எரியணும்னு சந்தியாகப்பர் கேக்கலியே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பொருட்படுத்தவில்லை. அந்தியில் விளக்கேற்றிப் பார்த்தபோது, தரிசின் மீது யாரோ அடிக்கோல் வைத்துக் கோடிழுத்ததுபோல் இருந்தது. பூரணம் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும்.

ஜூலை 16

கொடியேற்றம். படகுக்காரர்கள் காணிக்கையாக அளித்த புதிய எஃகுக் கொடிமரம். சென்ற ஆண்டின் மரத்தைவிட மிக உயரம். என்னிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

மாலையில் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அலுவலர் நசீமா அழைத்தார். "சார், தெக்க கடல் மேல வந்த விமானத்துல உங்க முள்ளு ஆடுச்சாம். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். தலையாட்டி பொம்மை மாதிரி இருந்துச்சுன்னு பைலட் சொல்றார்."

பதினோரு ஆண்டுகளில் என் முள் ஆடியதில்லை.

ஜூலை 17

காலை முதல் நிலையத்தில். அலைபரப்பி, ஏரியல்கள், கண்காணிப்புக் கருவி அனைத்தும் ஒழுங்கு. வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த விமானங்களுக்கு முள் அசையவில்லை. தெற்கில் மட்டும் ஆட்டம். எனில் குறை உள்ளே இல்லை. வெளியே ஏதோ ஒன்று அலையைத் திருப்பியடித்து, நேர் அலையுடன் கலந்து குழப்புகிறது. தெற்கே புதிதாக வந்த உலோகம் எது? கொடிமரம். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஜூலை 18

விழாப்பந்தலுக்குச் சென்று திரு. பெர்க்மான்ஸிடம் நிலைமையை மரியாதையாக எடுத்துரைத்தேன். சோதனை முடியும் வரை கொடிமரத்தை இறக்கி வைக்குமாறு கோரினேன்.

அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். "கொடிய எறக்கணுமா? பத்தாந் திருநா முடியாம கொடி எறங்குன சரித்திரமே கெடயாது சார். புயல் அடிச்ச வருசங்கூட எறக்கல."

"விமானப் பாதுகாப்பு விதி..."

"உங்க இட்லிச்சட்டிக்கு எங்க சந்தியாகப்பர் மேல என்ன கோவம்? அவரு பாட்டுக்கு குதிரைல இருக்காரு."

"இது நகைப்புக்குரிய விஷயம் அன்று."

"நா எங்க சார் சிரிச்சேன்? இவனுவல்லா சிரிக்கானுவ!" என்று பின்னால் நின்றவர்களைக் காட்டினார். பிறகு குரல் தாழ்ந்தது. "கேளுங்க. ஊரு கூடிப் போட்ட மரம். டீச்சரம்மா முகத்துக்காக இம்புட்டோட விடுதேன். இன்னொருக்கா கொடி எறக்கச் சொல்லாதிய."

கொடிமரம் என் நிலையத்தைக் கெடுக்கிறது என்பது நிரூபணமான உண்மை என்று நான் உரக்கவே சொன்னேன். திரும்பி வந்தேன். நான் சொன்னதில் விதிக்குப் புறம்பானது ஏதுமில்லை.

ஜூலை 19

தேநீர்க்கடையில் எனக்குச் சர்க்கரை இல்லாத தேநீர் தரப்பட்டது. நான் அவ்வாறு கேட்கவில்லை.

ஜூலை 20

இன்று நடந்ததை வரிசை பிறழாமல் எழுத முயல்கிறேன்.

மாலை விமானம் தெற்கே கடல் மேல் வந்துகொண்டிருந்தது. நசீமா அழைத்தார். அவர் குரலில் எப்போதும் இருக்கும் குறும்பு இல்லை.

"சார், அவங்க திரையில விமானம் மதுரைக்கு வடக்கால நிக்குதாம். ஜன்னல்ல பாத்தா கடலு. செயற்கைக்கோள் சிக்னலை யாரோ குழப்புறாங்க. உங்க விஓஆர் ஓடுதான்னு கேக்கறாங்க."

"ஓடுகிறது" என்றேன். அச்சொல்லைச் சொல்லும்போது எழுந்து நின்றிருந்தேன் என்பதைப் பின்னரே கவனித்தேன்.

ஆயினும் தெற்கில் முள் ஆடுகிறது. நான் மாற்று ஏற்பாடு என்று கோப்புதோறும் எழுதிய ஒன்று, அழைக்கப்பட்ட முதல் மாலையில் தள்ளாடிக்கொண்டு நின்றது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு ஓடினேன். கடற்கரையிலிருந்து விலகி, மேற்கே சுற்றி வடக்கிலிருந்து வரச் சொல்லலாம், வடக்கில் முள் சுத்தம் என்றேன். நசீமா அவ்வாறே சொன்னார். விமானி திசைமானியை வைத்துக்கொண்டு அகலமாக ஒரு வளையம் அடித்தார். இயக்குநர் கமலக்கண்ணன் என் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"முள்ளு நின்னுடுச்சாம் சார்" என்றார் நசீமா.

விமானம் தாமதமாக, பத்திரமாக இறங்கியது. பயணிகளில் ஒருவர், நகரைச் சுற்றிக் காட்டியதற்கு நன்றி என்று பணிப்பெண்ணிடம் சொன்னாராம்.

இயக்குநர் என் தோளைத் தொட்டார். "ஒத்துக்கறேன் சார். ஸ்டெப்னி வேணும். ஆனா உங்க ஸ்டெப்னியில பாதிக் காத்துதான இருக்கு? இந்த ஆட்டத்தோட இருபத்துமூணாம் தேதி எப்படிப் பாஸ் பண்ணுவீங்க?"

இதற்கு விடை இரவிலும் தோன்றவில்லை.

ஜூலை 21

இரவு உணவின்போது பூரணம், "கொடிமரந்தான்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்லுதீங்க?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. ஒரு தாளில் நிலையம், கோயில், கடல் மூன்றையும் வரைந்து, அலை எவ்வாறு சென்று உலோகத்தில் பட்டுத் திரும்புகிறது என்று விளக்கினேன். அவள் கணக்கு ஆசிரியை. வரைபடத்தை வாசிக்கத் தெரிந்தவள்.

"உங்க அலை நின்னுகிட்டுப் போகுமா, படுத்துக்கிட்டுப் போகுமா?"

"படுக்கையாக அதிரும் அலை. விஓஆர் அலையின் இயல்பே அது."

"அப்ப நட்டமா நிக்கற கம்பத்தக் கண்டா அது பெருசா அலட்டிக்காதே. படுத்திருக்கற கம்பிதான அதத் திருப்பி அடிக்கும்?"

"ஆம். படுக்கையாக, நீளமாக, விறைப்பாக உள்ள உலோகமே..."

அவ்விடத்தில் என் கை நின்றது. அவளும் நிமிர்ந்தாள். இருவரும் ஒருசேர ஜன்னலைப் பார்த்தோம். தரிசின் மேல், கோபுரத்திலிருந்து எங்கள் தொட்டி வரை, ஓர் இம்மியும் தொய்வில்லாமல், சீரியல் லைட் சிவப்பும் பச்சையுமாக ஓடி ஓடி எரிந்துகொண்டிருந்தது.

தொய்ந்து கிடந்திருந்தால் அலை பல பக்கமும் சிதறிப் போயிருக்கும். தொல்லை குறைவாகவே இருந்திருக்கும். மட்டம் பார்த்து, முறுக்கி, கண்ணாடிபோல் ஆக்கியவன் நான். மின்கசிவுக்கான விதியை வரிவரியாகப் பார்த்தேன். என் சொந்த நிலையத்தின் விதியை அந்தக் கம்பியில் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

பூரணத்தின் முகம் வாடிவிட்டது. "என் நேர்ச்சையாலயா?" என்றாள்.

"உன் நேர்ச்சை தொய்வாகத்தான் இருந்தது. கெடுத்தது நான்" என்றேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த இயலவில்லை. எனக்கும்தான். ரசம் ஆறிவிட்டது.

ஜூலை 22

காலைத் திருப்பலி முடிந்ததும் பந்தலுக்குச் சென்றேன். சொல்ல வேண்டியதை வழியிலேயே வாக்கியங்களாக அமைத்துக்கொண்டேன்.

"பெர்க்மான்ஸ் அவர்களே, கொடிமரத்தின் மீது நான் சுமத்திய குற்றச்சாட்டை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன்."

"சரி. அப்ப குத்தவாளி யாரு?"

"நான்."

பந்தல் முழுவதும் எங்களைச் சுற்றித் திரண்டது. கம்பியையும் ரசமட்டத்தையும் பற்றிச் சொன்னேன். அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டு குலுங்கினார்.

"ஏல, கேட்டீயளா? இன்ஜினியர் சாரு அவரு சட்டிக்கு அவரே ஓட்ட போட்டிருக்காரு! நா அன்னைக்கே கேட்டம்லா, ரோடா போடுதியன்னு!"

சிரிப்பு அடங்கியதும் அவரே பேச்சை மாற்றினார். "முந்தாநா சாயங்காலம் எங்க போட்டு ஜிபிஎஸ்ஸும் கிறுக்காயிட்டு சார். என் போட்ட மலை மேல காட்டுது. பொறவு, தூரத்துல கோயில் கோபுரத்தப் பாத்துதான் பயலுவ கரைக்கு வந்தானுவ. இன்னொண்ணு கைல இருந்தாத்தான் பொழப்பு. உங்க சட்டி நிக்கணும். ஆனா நேர்ச்ச வெளக்கு. பத்து நா எரிஞ்சாவணும். அதக் கழத்த முடியாதே?"

"கழற்ற வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். அச்சொல் எப்படி வந்ததென்று தெரியவில்லை. "படுக்க வைத்ததை நிறுத்தி வைத்தால் போதும். கோபுரத்தின் உச்சியிலிருந்து நேர்கீழாகத் தொங்கவிடலாம். கொடிமரம்போல் நின்றால் என் அலைக்குப் பெரிய வழக்கில்லை."

அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "அட, ஊருக்கே தெரியுமே சார்! கடல்ல இருந்து பாத்தாலும் தெரியும்."

படகு வேலையாள்கள் ஏறியதும் இறங்கியதும் கண்ணுக்குத் தெரியவில்லை. மதியத்துக்குள் தரிசின் மேல் ஒரு கம்பியும் இல்லை. கோபுரம் தலை முதல் கால் வரை சரம் சரமாக விளக்குகளை அணிந்துகொண்டு நின்றது. ஒரு சரம் சற்றுக் கோணலாகத் தொங்கியது. நான் வாயைத் திறந்தேன்.

"சார்" என்றார் அண்ணாச்சி.

மூடிக்கொண்டேன். தேநீர் வந்தது. சர்க்கரை இரட்டிப்பு.

ஜூலை 23

சோதனை விமானம் காலையிலேயே வந்துவிட்டது. வெள்ளை உடல், சிவந்த வால். முதலில் நிலையத்தை நடுவாக வைத்துப் பெரியதொரு வட்டம். பிறகு ஒவ்வொரு திசையாக, நேர்கோட்டில் என்னை நோக்கி வருவதும் விலகுவதும். பூரணம் தன் வகுப்பை மைதானத்துக்கு அழைத்து வந்து, வட்டத்தின் ஆரத்தைக் கண்ணால் மதிப்பிடச் சொல்லியிருக்கிறாள். தலைமையாசிரியைக்கு இதில் உடன்பாடில்லை என்று கேள்வி.

நான் நிலையத்தின் வாசலில் நின்றேன். வடக்கு. மேற்கு. கிழக்கு. தெற்கைக் கடைசியாக வைத்திருந்தார்கள். விமானம் கடல் மேல் புள்ளியாகி, திரும்பி, கோயில் கோபுரத்தின் மேலாக வந்து, என் தலைக்கு மேல் கடந்தது. கையில் தொலைபேசி.

நசீமா அழைத்தார். "சார், தெக்கு..."

"சொல்லுங்கள்."

"முள்ளு தூங்கிடுச்சோன்னு பைலட்டுக்குச் சந்தேகமே வந்துடுச்சாம். அசையவே இல்லியாம். முறைப்படி முடிவு பின்னால வரும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

ஜூலை 24

முறைப்படி முடிவு இன்னும் வரவில்லை. முருங்கைக்கு நீர் ஊற்றினேன்.

ஜூலை 25

வந்துவிட்டது. நிலையம் தேறியது; எந்தத் திசையிலும் கட்டுப்பாடின்றித் தொடரலாம். இயக்குநர் கமலக்கண்ணன் நேரில் வந்து கைகுலுக்கினார். "ஸ்டெப்னிக்கு ஃபுல்லா காத்து அடிச்சாச்சு" என்றார். மாற்றல் பற்றிய பேச்சு எழவில்லை. நானும் எழுப்பவில்லை.

இன்று பத்தாம் திருநாள். மாலையில் சப்பரம் கடற்கரைத் தெருவில் வந்தது. பெர்க்மான்ஸ் அண்ணாச்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"சட்டி பாஸாமே! அப்ப நாளைக்கு அசனத்துக்கு வந்திருங்க சார். சாம்பார் வாளி உங்களுக்குத்தான்."

அசனம் என்பது திருவிழா முடிவில் ஊரே கூடி உண்ணும் பந்தி. "எனக்கு எதற்கு வாளி?" என்றேன்.

"டீச்சரம்மா சொல்லலியா? நேர்ச்சயே அதானே! இட்லிச்சட்டி நெலைக்கணும்னு பத்து நா வெளக்கு, நெலச்சிட்டா அசனத்துல ஊருக்கே இன்ஜினியர் சார் கையால சாம்பாருன்னு ஆனி மாசமே சந்தியாகப்பர்ட்ட சொல்லிட்டாவளே!"

பிறர் சார்பில் நேர்ந்துகொள்ளும் நேர்ச்சை சம்பந்தப்பட்டவரைக் கட்டுப்படுத்துமா என்பது விவாதத்துக்குரியது. பூரணத்தைத் தேடிச் சென்று கேட்டேன். அவள் மெழுகுவர்த்தியைக் காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"மாற்றல்னா உங்களுக்கு வருத்தமே இல்லன்னு சொன்னீங்க. வருத்தமில்லாதவருகிட்ட என்னத்தச் சொல்ல?"

நான் மெழுகுவர்த்தியின் மறுபக்கம் என் கையை வைத்து மறைத்தேன்.

"தெனமும் காலைல எந்திரிச்சதும் ஜன்னல் வழியா அந்தச் சட்டியப் பாத்துட்டுத்தான் பல்லு வெளக்குவீங்க. வடக்க போனா எதப் பாப்பீங்க?" என்றாள். "அதுவுமில்லாம, முருங்கைக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

கடற்காற்றில் இன்று உப்பு அதிகம். கண் கரித்தது. இருவரும் சப்பரத்தின் பின்னால் நடந்தோம். கோபுரத்தில் அந்த ஒற்றைச் சரம் இன்னமும் கோணலாகவே தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 26

காலையில் அலுவலகக் கோப்பை எழுதி முடித்தேன். தெற்குத் திசையில் ஏற்பட்ட ஆட்டத்தின் காரணம்: படுக்கைவாட்டில் கட்டப்பட்ட உலோகக் கம்பி. கட்டியவர்: கையொப்பமிட்டவர். அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு முன் விழாக்கமிட்டியும் விமான நிலையமும் கூடிப் பேசி, விளக்குகள் எங்கே எப்படித் தொங்கலாம் என்று முடிவெடுக்க வேண்டும் எனப் பரிந்துரைத்துள்ளேன். கூட்டத்துக்குத் தேநீர் அண்ணாச்சியின் பொறுப்பு என்பதைக் கோப்பில் சேர்க்கவில்லை.

கொடி இறங்கியாயிற்று. மணலில் பாய் விரித்துப் பந்தி போட்டிருக்கிறார்கள். வாசலில் அண்ணாச்சியின் குரல் கேட்கிறது: "சார், சோறு வந்துட்டு, சாம்பாரு எங்க? ரசமட்டம் தேடுதியளோ?"

நோக்கம் நிறைவேறியதால் இக்குறிப்பை இத்துடன் நிறுத்துகிறேன். ரசமட்டத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி பூரணத்திடம் இருக்கிறது. இப்போது நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பந்திக்குச் செல்கிறேன். ஆளுக்கு எத்தனை கரண்டி என்று எவரையும் கேட்கமாட்டேன். இலை நிறையும் வரை ஊற்றுவேன்.